கடுகளவு விளக்கும் கையளவு ரயிலும்

மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் இன்ஜினுக்கும் பெட்டிக்கும் தண்டவாளத்துக்கும் தாராளமாகச் செலவழிப்பார்கள். விளக்கு என்று வரும்போது மட்டும் கை சுருங்கிவிடும். ஆனால் ரயில் மேசையை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றிவிடக்கூடிய மிக மலிவான சாமான் எதுவென்று கேட்டால், குட்டி எல்.இ.டி. விளக்கு என்றுதான் சொல்வேன். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லேண்ட் என்ற மாதிரி ரயில் காட்சியகத்தில் சுமார் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை பகல் மங்கி, இரவு வந்து, மறுபடி விடிகிறது. அந்த இரவில் லட்சக்கணக்கான சிறு விளக்குகள் எரிகின்றன. அதே இரவை வீட்டு மேசையில், சென்னை ரிச்சி தெருவிலும் இணையக் கடைகளிலும் கிடைக்கும் சாமான்களை வைத்து எவ்வளவு தூரம் கொண்டுவர முடியும் என்று பார்ப்பதே இந்த விமர்சனத்தின் நோக்கம்.

என் மேசை ஹெச்.ஓ. அளவு. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மி.மீ. அதன்மேல் ஒரு டீசல் இன்ஜின், நீல ஐ.சி.எஃப். பெட்டிகள், ஒரு சிறிய நிலையம், ஒரு நான்கு நிலை வண்ண சிக்னல். பொருத்திப் பார்த்தவை: 0402, 0603, 0805 என்ற மூன்று அளவுகளில் வெற்றுச் சிப்புகளும், கம்பி இணைத்தே வரும் சிப்புகளும், பழைய 3 மி.மீ. உருண்டைத் தலை எல்.இ.டி.யும், வீட்டு அலங்காரத்துக்கு விற்கும் 12 வோல்ட் ஸ்டிரிப்பும்.

அளவைப் புரிந்துகொண்டு வாங்கினால் பாதிக் காசு மிச்சம். இந்தச் சிப்புகளின் பெயரிலேயே அளவு இருக்கிறது. 0402 என்றால் நீளம் அங்குலத்தில் நூறில் நான்கு பங்கு, அகலம் நூறில் இரண்டு பங்கு. அதாவது 1 மி.மீ. நீளம், அரை மி.மீ. அகலம். 0603 சிப் 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம். 0805 சிப் 2 மி.மீ. நீளம், 1.25 மி.மீ. அகலம். இவற்றை 87-ஆல் பெருக்கிப் பாருங்கள். நிஜ ரயிலின் கணக்கில் 0402 சிப்பின் நீளம் 8.7 செ.மீ., 0603 சுமார் 14 செ.மீ., 3 மி.மீ. உருண்டை 26 செ.மீ. வால் விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் 26 செ.மீ. அகல விளக்கை வைத்தால், எவ்வளவு நுணுக்கமாக வர்ணம் பூசிய பெட்டியும் பொம்மையாகத்தான் தெரியும்.

அதற்காக மிகச் சிறியதே மிகச் சிறந்தது என்று 0402-ஐ அள்ளிவிட வேண்டாம். வெற்று 0402 சிப்பில் கையால் ஈயம் வைப்பது உருப்பெருக்கியும் நல்ல வெளிச்சமும் நடுங்காத கையும் கேட்கிற வேலை. சாமணத்தின் பிடி சற்று இறுகினால் சிப் தெறித்துப் போகும். தரையில் விழுந்ததைத் தேடுவதைவிட வேறொன்றை எடுப்பது மேல். 0603 எல்லா வகையிலும் நடுநிலை. கம்பி இணைத்தே வாங்கினால் ஈய வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும். வெற்றுச் சிப்பைவிடப் பல மடங்கு விலைதான். ஆனாலும் அந்தக் கூடுதல் காசுக்கு முழு மதிப்பு உண்டு என்பது என் கருத்து. 0805-ஐப் பெட்டியின் கூரைக்குள், யார் கண்ணிலும் படாத இடத்தில் வைக்கலாம்.

கம்பி இணைத்தே வரும் சிப்புகளில் இருப்பது எனாமல் பூசிய செம்புக் கம்பி. மோட்டார் வைண்டிங் கடைகளில் பார்க்கும் அதே வகைதான், தலைமுடி அளவுக்கு மெலிதாக. அது முறிகிற இடம் எப்போதும் ஒன்றுதான்: சிப்பும் கம்பியும் சேரும் முனை. எனவே பொருத்துவதற்கு முன்பே அந்த முனையின்மேல் துளி ஃபெவிகால் வைத்துக் காயவிடுங்கள். காய்ந்தபின் கண்ணாடிபோல் தெளிந்துவிடும், கம்பியும் அசையாது. சட்டென ஒட்டும் சூப்பர் பசை இந்த வேலைக்குக் கூடாது. அதன் ஆவி பக்கத்து ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகைபோலப் படிந்து, பெட்டியின் அழகையே கெடுத்துவிடும்.

எது பாசிட்டிவ், எது நெகட்டிவ் என்பதைக் கம்பியின் நிறத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். விற்பனையாளருக்கு விற்பனையாளர் நிறம் மாறுகிறது. சி.ஆர்.2032 பட்டன் செல் ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிப்பையும் தொட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. மூன்று வோல்ட் செல். அதன் உள்தடையே மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவதால், கணநேரம் தொட்டுப் பார்ப்பதில் சிப்புக்கு ஆபத்தில்லை. சில மல்டிமீட்டர்களின் டையோடு நிலையில் சிவப்பு எரியும், வெள்ளை எரியாது. அதை வைத்து வெள்ளைச் சிப் பழுது என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது.

இனி இந்த விஷயத்தின் இதயத்துக்கு வருகிறேன். எல்.இ.டி.யைவிட அதனுடன் போடும் ரெசிஸ்டர்தான் முக்கியம். சிப்பின் உறையில் 20 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். அது சிப் தாங்கக்கூடிய அளவு. ரயிலுக்குத் தேவைப்படும் அளவு அதில் மிகச் சிறு பங்கு. வெள்ளை எல்.இ.டி. சுமார் 3 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட்டில் மீதி 9 வோல்ட். 470 ஓம் போட்டால் ஏறக்குறைய 19 மில்லி ஆம்பியர் ஓடும். அந்த வெளிச்சத்தில் பெட்டியின் பிளாஸ்டிக் சுவரே விளக்குக்கூண்டு மாதிரி ஒளிரும். எல்லோரும் வழக்கமாகப் போடும் 1 கிலோ ஓமில் 9 மில்லி ஆம்பியர். அதுவும் அதிகம். 10 கிலோ ஓமில் 0.9 மில்லி ஆம்பியர்தான். அப்போதுதான் இரவில் தூரத்தில் போகும் பாசஞ்சர் ரயிலின் ஜன்னல் தெரிகிறது. மின்சாரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் கண்ணுக்கு அது பத்தில் ஒரு பங்காகத் தெரியாது. நம் கண்ணின் இயல்பு அப்படி. ஆகவே துணிந்து குறைக்கலாம்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க ஒரு நேர்வழி உண்டு. 1 கிலோ ஓம் ரெசிஸ்டருடன் 50 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலைத் தொடராக இணையுங்கள். அறை விளக்கை அணையுங்கள். கண் இருட்டுக்குப் பழகியபின் திருகுங்கள். மனத்துக்குச் சரி என்று படும் இடத்தில் நிறுத்தி, மல்டிமீட்டரில் அளந்து, அதற்கு நெருக்கமான ரெசிஸ்டரைப் போடுங்கள். 12 வோல்ட்டில் என் மேசையில் நிலைத்தவை: பெட்டிக்குள் ஒவ்வொரு விளக்குக்கும் 10 கிலோ ஓம், இன்ஜின் முன்விளக்குக்கு 2.2 கிலோ ஓம், வால் விளக்குக்கு 4.7 கிலோ ஓம். முன்விளக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பிரகாசமாக இருக்க வேண்டும். அந்த விகிதம் தவறினால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

வெளிச்சத்தின் நிறமும் இதே அளவுக்குக் கவனம் கேட்கிறது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.யின்மேல் மஞ்சள் பாஸ்பர் பூசியது. அந்த நீலத்தை உருவாக்கியதற்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். பூச்சு எப்படி என்பதைப் பொறுத்து வெளிச்சம் நீலம் கலந்த வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ வரும். குண்டு பல்பு காலத்துப் பெட்டிக்கும் பழைய நிலையக் கட்டடத்துக்கும் 3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழே உள்ள இளமஞ்சள் வெண்மைதான் பொருந்தும். 6000 கெல்வின் குளிர் வெண்மையை இன்றைய எல்.ஹெச்.பி. பெட்டிக்கும் நவீன நடைமேடைக்கும் ஒதுக்குங்கள். கையில் குளிர் வெண்மை மட்டுமே இருந்தால், டாமியா நிறுவனத்தின் ஒளி ஊடுருவும் ஆரஞ்சு வர்ணத்தை நீர்க்கக் கலந்து சிப்பின்மேல் ஒரு பூச்சு கொடுக்கலாம். நீலம் அடங்கிவிடும்.

பெட்டிக்குள் விளக்கு வைப்பதில்தான் சோதனை மிகச் சுவையாக இருந்தது. ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் நீளம் 21.3 மீட்டர். ஹெச்.ஓ. அளவில் அது இருபத்துநான்கரை செ.மீ. மீட்டருக்கு 60 சிப்புகள் கொண்ட 12 வோல்ட் ஸ்டிரிப்பை ஐந்து செ.மீ.க்கு ஒருமுறை வெட்டலாம். நான்கு துண்டு நீளம் கூரைக்குள் சரியாக அடங்கும். முதுகில் ஒட்டும் பசையும் இருக்கிறது. பார்த்தால் இதைவிடச் சுலபம் எதுவுமில்லை. ஆனால் சாதாரண டி.சி. கன்ட்ரோலரில், அதாவது தண்டவாள வோல்டேஜைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றும் பழைய முறையில், ஸ்டிரிப் ஏமாற்றம்தான். அதில் மூன்று சிப்புகள் தொடராக இருக்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 வோல்ட் வேண்டும். ரயில் நிலையத்துக்குள் மெதுவாக நுழையும்போது தண்டவாளத்தில் 5, 6 வோல்ட்தான் இருக்கும். ரயில் அழகாகத் தெரிய வேண்டிய அந்த நேரத்தில் பெட்டிகள் இருண்டுவிடும்.

இதற்கு மாற்று, தனித்தனி 0603 அல்லது 0805 சிப்புகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்து இணையாகக் கொடுப்பது. பெட்டிக்கு நான்கு போதும். முன்னால் எம்.பி.6எஸ் என்ற குட்டி பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்று; ரயில் எந்தப் பக்கம் ஓடினாலும் விளக்கு எரியும். பிரிட்ஜ் 1.4 வோல்ட்டை விழுங்கும், சிப்புக்கு 3 வோல்ட். ஆக 4.4 வோல்ட்டைத் தாண்டியதுமே ஜன்னல்கள் மங்கலாக ஒளிரத் தொடங்குகின்றன. இதனுடன் 470 மைக்ரோ ஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றைக் கழிப்பறைப் பகுதிக்குள் மறைத்து வைத்தால், சக்கரம், தண்டவாளம் பிரியும் பாயின்ட்டின் பிளாஸ்டிக் முனையைக் கடக்கும்போது வரும் சிமிட்டலும் போய்விடும். கணக்கும் எளிதுதான்: நான்கு சிப்புகளும் சேர்ந்து 4 மில்லி ஆம்பியருக்கு உட்பட்டே இழுப்பதால், முழு வோல்டேஜில் ஓடும்போது கெப்பாசிட்டரில் உள்ள மின்சாரம் அரை விநாடிக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அழுக்குத் தண்டவாளத்தின் குறையைக்கூட இது ஓரளவு மறைக்கும். ஆனாலும் தண்டவாளத்தைத் துடைக்காமல் விடாதீர்கள்.

கோதுமை மணி அளவிலான பழைய குண்டு பல்புகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். 12 வோல்ட் பல்பு ஒன்று 50 மில்லி ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். பத்துப் பெட்டிக்கு நாற்பது பல்பு என்றால் இரண்டு ஆம்பியர். தொடக்கநிலை கன்ட்ரோலர்கள் பல அதைத் தாங்காது. பல்பின் சூட்டில் கூரைப் பிளாஸ்டிக் வளைந்துபோவதும் உண்டு. அதே நாற்பது இடத்தில் சிப் வைத்தால் மொத்தமே 40 மில்லி ஆம்பியருக்குள்.

தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கச் சக்கரத்தை உரசும் தகடு வைக்க வேண்டும். அது பெட்டியின் ஓட்டத்தைக் கொஞ்சம் கனமாக்கும். நீண்ட ரயிலில் இன்ஜின் திணறினால், இரண்டு பட்டன் செல்லைத் தொடராகப் போட்டு, காந்தத்தால் இயங்கும் ரீட் ஸ்விட்ச் ஒன்றைக் கூரைக்கடியில் வைக்கலாம். சிப்புக்கு 3.3 கிலோ ஓம் வைத்தால் கணக்குப்படி ஐம்பது மணி நேரத்துக்கு மேல் எரியும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் இந்த வழியை ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். பட்டன் செல்லையும் குட்டிக் காந்தத்தையும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பெட்டியின் அடித்தகட்டைத் திருகு போட்டு மூடாமல் செல் வைக்கவே கூடாது.

விளக்கை ஏற்றிய பிறகுதான் பெட்டிச் சுவர் எவ்வளவு மெல்லியது என்று தெரியும். உள்பக்கம் முதலில் கறுப்பு, அதன்மேல் வெள்ளை என்று பூசுங்கள். கறுப்பு ஒளியை வெளியே விடாது, வெள்ளை அதை உள்ளே பரப்பும். கூரையும் சுவரும் சேரும் இடுக்கில் ஒளி கசிந்தால் கறுப்பு ஸ்பாஞ்ச் நாடா ஒட்டினால் போதும்.

இன்ஜினுக்குப் போவோம். டி.சி. முறையில் முன்விளக்கும் பின்விளக்கும் திசைக்கேற்ப மாற வேண்டுமானால், எல்.இ.டி.யின் இயல்பே நமக்குக் கைகொடுக்கிறது. ஒரு வெள்ளைச் சிப்பையும் ஒரு சிவப்புச் சிப்பையும் எதிரெதிர்த் திசையில் இணைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு ரெசிஸ்டர் வைத்தால், முன்னால் ஓடும்போது வெள்ளை, பின்னால் ஓடும்போது சிவப்பு. இன்னொரு பயனும் உண்டு. பெரும்பாலான சிப்புகள் எதிர்த்திசையில் 5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ஜோடியாக இருக்கும்போது எரியும் சிப் மற்றதைக் காப்பாற்றிவிடும்.

டி.சி.சி. என்ற டிஜிட்டல் முறையில் வோல்டேஜ் குறைந்து விளக்கு மங்கும் கவலை இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்டேஜ் இருப்பதால் நின்ற ரயிலிலும் விளக்கு எரியும். ஸ்டிரிப்பும் அங்கே நன்றாகவே வேலை செய்கிறது. வெளிச்சத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரைக் கூடுதலாகப் போட்டால் போதும். இந்த முறையில் இன்ஜினுக்குள் வைக்கும் டிகோடரின் கம்பி நிறங்களுக்கு வகுத்த விதி உண்டு: நீலம் எல்லா விளக்குக்கும் பொதுவான பாசிட்டிவ், வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு. ரெசிஸ்டர் இல்லாமல் சிப்பை நேராக இவற்றில் இணைத்தால் அந்தக் கணமே அது போய்விடும்.

இந்திய ரயில் ஓட்டுபவர்கள் தவறவிடக் கூடாதவை இரண்டு. ஒன்று, இன்ஜின் தலையில் உள்ள மஞ்சள் ஃபிளாஷர். இன்னொன்று, கடைசிப் பெட்டியில் சிமிட்டும் சிவப்பு விளக்கு. சிமிட்டும் எல்.இ.டி. 3 மி.மீ., 5 மி.மீ. அளவுகளில்தான் சுலபமாகக் கிடைக்கிறது. வால் விளக்குக்கு அது பெரிது. அதைக் கார்டு அறைக்குள் கறுப்பு நாடா சுற்றி மறைத்துவிட்டு, வெளியே தெரியும் 0603 சிவப்புச் சிப்பை அதனுடன் தொடராக இணையுங்கள். உள்ளே உள்ளது சிமிட்டும்போதெல்லாம் வெளியே உள்ளதும் சிமிட்டும். இந்த ஓரிடத்தில் மட்டும் 1 கிலோ ஓம் போடுங்கள். அதற்கு மேல் போனால் சிமிட்டும் எல்.இ.டி.க்கே மின்சாரம் போதாமல் போகலாம். என் மேசைக்கு வருகிறவர்கள் எல்லோரும் முதலில் விரல் நீட்டுவது இந்த வால் விளக்கைத்தான்.

சிக்னலில் நிறம் தேர்வதுதான் சவால். பழைய வகைப் பச்சை எல்.இ.டி. மஞ்சள் கலந்த வெளிர்ப்பச்சையாக எரியும். பக்கத்தில் மஞ்சள் விளக்கும் இருக்கும் நான்கு நிலை சிக்னலில் இரண்டும் குழம்பிப்போகும். நீலச்சாயல் கொண்ட புதிய வகைப் பச்சையை வாங்குங்கள். அது 3 வோல்ட் வகை. மற்ற நிறங்களைவிட மிகப் பிரகாசம். எனவே எல்லா நிறத்துக்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் வைக்கும் சுருக்குவழி இங்கே உதவாது. நான் மஞ்சளுக்கு 3.3, சிவப்புக்கு 4.7, பச்சைக்கு 15 கிலோ ஓம் வைத்தேன்.

கட்டட விளக்குகளுக்குத் தண்டவாள மின்சாரத்தைத் தொடவே வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய 5 வோல்ட் மொபைல் சார்ஜரே போதும். 2.2 கிலோ ஓம் வைத்தால் சிப்புக்கு 0.9 மில்லி ஆம்பியர். ஒரு ஊரையே அதில் ஏற்றலாம். அறைகளுக்கு நடுவே கறுப்பு அட்டைத் தடுப்பு வைத்து, சில ஜன்னல்களை இருட்டாகவே விடுங்கள். எல்லா ஜன்னலும் எரிகிற ஊர் எங்கேயும் இல்லை. ஆயத்தமாக விற்கும் விளக்குக் கம்பங்களில் ஹெச்.ஓ. என்று எழுதியிருப்பதை நம்பாமல் ஸ்கேலை எடுத்து அளந்து வாங்குங்கள். 5 மீட்டர் நடைமேடைக் கம்பம் 57 மி.மீ. உயரம், 8 மீட்டர் தெருக்கம்பம் 92 மி.மீ. உயரம் இருக்க வேண்டும்.

ஈயம் வைக்கவே விருப்பமில்லாதவர்களுக்கு உட்லேண்ட் சீனிக்ஸ் நிறுவனத்தின் ஜஸ்ட் பிளக் தொகுப்பு இருக்கிறது. ஒரு பெட்டகத்தில் நான்கு விளக்குகளைச் செருகி, ஒவ்வொன்றின் வெளிச்சத்தையும் தனித்தனியே திருகிக் குறைக்கலாம். என் ரெசிஸ்டர் கணக்கையெல்லாம் அந்தத் திருகே செய்துவிடுகிறது. நல்ல வடிவமைப்பு. ஆனால் இறக்குமதி விலையில் ஒரு முழு ஊருக்கு விளக்கேற்றுவது நம் பணப்பைக்குக் கட்டுப்படியாகாது.

என் தீர்ப்பு இது. கம்பி இணைத்த, இளமஞ்சள் வெண்மை 0603 சிப்புக்கே முதலிடம். டி.சி.சி. வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஸ்டிரிப். 0402 அனுபவசாலிகளுக்கு, 3 மி.மீ. உருண்டையை மறைவிடத்தில் மட்டும் பயன்படுத்தலாம். முதல்முறை வாங்கப் போகிறவர்கள் வெள்ளை 0603 ஒரு பொட்டலம், சிவப்பில் சில, 10, 4.7, 2.2, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், எம்.பி.6எஸ் சில, மெல்லிய முனையுள்ள 25 வாட் சால்டரிங் அயர்ன், இவற்றோடு திரும்புங்கள். இன்ஜினைத் திறந்து கைவைக்குமுன் ஒரே ஒரு பெட்டிக்கு விளக்கேற்றுங்கள். ரெசிஸ்டரை மேலும் ஒரு படி உயர்த்தலாமா என்று இருட்டில் பார்த்து முடிவு செய்துவிட்டு, அதன்பிறகே அடுத்த பெட்டியைத் திறங்கள்.